தோட்டத்துச் சாளையை எடுத்துக் கட்டுவது: மலையடிவார ஓட்டு வீட்டைப் புதுப்பித்து விரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டுப்பாளையம், ஆனைமலை என மலையடிவாரம் நெடுக, தோட்டத்துக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் ஓட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளமான ஓர் அறை, முன்னால் திண்ணை, பக்கத்தில் ஒரு சாய்ப்பு, பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரை. ராகியும் நிலக்கடலையும் விளையும் மாதங்களில் பன்றிக்கும் யானைக்கும் காவல் கிடக்கத் தாத்தா தலைமுறை கட்டிய சாளைகள் இவை. முயல் வேட்டைக்கும் பன்றி வேட்டைக்கும் போனவர்கள் கூடித் தங்கியதும் இங்கேதான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை போய்விட்டது, வீடு மட்டும் நிற்கிறது. கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் இப்போது அதைச் சரிசெய்து, குடும்பம் முழுக்க வந்து தங்கும்படி பெரிதாக்க நினைக்கிறார்கள்.

முதலில் வந்து பார்க்கும் மேஸ்திரி பெரும்பாலும், “இடிச்சுட்டு ஒட்டு வீடாப் போட்டுரலாங்க” என்பார். கான்கிரீட் தளம் போட்ட வீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள மண்சுவரும் ஓட்டுக்கூரையும் சித்திரை வெயிலில் தரும் குளிர்ச்சியைப் புதுக் கட்டடத்தில் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பழையதைக் காப்பாற்ற இரண்டு கொள்கைகள் போதும் என்பது என் உறுதியான நம்பிக்கை. பழைய சுவருக்குப் பக்கத்தில் தண்ணீர் வரக்கூடாது. புதிதாகக் கட்டும் பகுதி பழையதன்மேல் சாயாமல் தன் காலிலேயே நிற்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

படி 1: காகிதமும் கையெழுத்தும்

செங்கல் வாங்குவதற்கு முன் வீடு யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கும் நிலத்தில் ஒருவர் மட்டும் பணம் போட்டுக் கட்டினால், பத்து வருடம் கழித்து அந்த வீடே அண்ணன் தம்பிச் சண்டைக்குக் காரணமாகிவிடும்.

தேவையானவை: பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல் (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவு), புலப்படம் (நிலத்தின் எல்லை அளவுப் படம்), தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று. பாகம் பிரித்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம், பிரிக்காமலே பெரியவர்கள் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று. வில்லங்கம் கணினியில் கிடைக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் பார்த்து நிறுத்தாமல், அதற்கு முந்தையதற்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

வீட்டுப் பெண்களின் பங்கைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. 2005-ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், 2005 திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. ஆகவே அத்தைகளும் அக்கா தங்கைகளும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். அவர்கள் விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிடம் எழுப்பக்கூடாது. அவர்களும் வந்து தங்கத்தான் இந்த வீடு என்றால், அவர்களுக்கு ஓர் அறையைத் திட்டத்திலேயே வையுங்கள். அதுதான் முறை.

அடுத்து அளவை. பழைய சாளைகள் கண்மட்டத்துக்குக் கட்டியவை. சுவர் ஒன்று ஓடைப் புறம்போக்கிலோ வண்டிப்பாதையிலோ பக்கத்துக் காட்டுக்காரர் (அடுத்த நிலத்துக்காரர்) புலத்திலோ அரையடி இறங்கியிருக்கலாம். வட்ட அலுவலகத்தில் பணம் கட்டிச் சர்வேயரை வரவழைத்து, பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு, எல்லைக்கல் நட்ட பிறகே விரிவாக்கம் எந்தப் பக்கம் என்று யோசியுங்கள்.

கட்டட அனுமதி ஊராட்சி வழியாக வரும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே இப்போது அடிப்படை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கானது. ஏக்கர் கணக்கான தோட்டத்துக்குள் நிற்கும் வீட்டுக்கு அது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். மலையடிவாரத்தில் இன்னொன்றும் உண்டு: உங்கள் வருவாய்க் கிராமம், மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கண்காணிக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால், வனத்துறை உள்ளிட்ட வேறு துறைகளின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். பட்டியலில் இருக்கிறதா என்பதை நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பழைய வீட்டு வரி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வீடு முன்பே அங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 2: ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள்

பணம் கையில் இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை வீட்டோடு சேர்ந்து பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. எந்த மூலையில் ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓதம் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை ஒரு நோட்டில் படம் போட்டுக் குறியுங்கள். வெயில் காலத்தில் வந்து பார்க்கும் எந்தப் பொறியாளருக்கும் இந்தத் தகவல் கிடைக்காது.

பிறகு வீட்டைச் சோதியுங்கள். சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விட்டுப் பாருங்கள். சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தலை விலகியிருந்தால் அமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் கைவைக்க வேண்டாம். விரிசல்களில் வகை உண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல் இறங்கும் விரிசல், அடியில் கடைக்கால் (அஸ்திவாரம்) இறங்கியதைச் சொல்கிறது. இரண்டு சுவர் சேரும் மூலையில் நேராக ஓடும் விரிசல், அவை ஒன்றோடொன்று பிணையாமல் எழுப்பப்பட்டவை என்பதைக் காட்டுகிறது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் அசைவு இன்னும் நடக்கிறது. உடையாவிட்டால் பழைய காயம்தான், பூசி மூடலாம்.

மரத்துக்கு ஆசாரியைக் கூட்டி வாருங்கள், கொத்தனார் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பொள்ளலானது பொத்தென்று ஒலிக்கும். உத்தரம் சுவருக்குள் புதைந்திருக்கும் முனை, இறவாரத்தில் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) நனையும் கைமரத்து (கூரையின் சாய்மரம்) நுனி, தரையைத் தொடும் நிலைக்கால் ஆகிய மூன்று இடங்களில் கூரான இரும்பைக் குத்திப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் தேக்கு உத்தரம் சுவருக்குள் இருக்கும் கடைசி ஒரு சாண் மட்டும் மக்கிப் போயிருப்பது மிகச் சாதாரணம். அந்த ஒரு சாணுக்காக முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை அறுத்து, அதே மரத்தில் புதுத் துண்டு வைத்து, இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு இணைக்கத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு மாதம் ஆனாலும் காத்திருங்கள். முழுத் திட்டமும் அவர் கையில்தான் இருக்கிறது.

படி 3: கூலி, கணக்கு, காலம்

பழைய பகுதிக்குச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசாதீர்கள். சுவரைப் பிரித்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத வேலையில் ஒப்பந்தக்காரர் அவசரப்படுவார், அவசரத்தில் நல்ல மரமும் விறகாகும். அங்கே நாள்கூலிதான் சரி. புதுப் பகுதிக்குப் பொருள் உங்களுடையது, கூலி மட்டும் சதுர அடிக்கு என்று பேசலாம். மொத்தத் தொகையில் கால் பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பிரித்த பிறகு தெரியவரும் கேடுகளுக்கு அது தேவைப்படும்.

கூரையைப் பிரிக்கும் வேலை தை பிறந்து தொடங்கட்டும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழைக்கு முன்னால் மீண்டும் வேய்ந்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இருக்கிறது. அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லும் காற்றில் அரைகுறையாக அடுக்கிய ஓடு நிற்காது. ஆடியிலும் மார்கழியிலும் வாசக்கால் வைக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் நாட்காட்டி தானாக அமைந்துவிடும்.

படி 4: பிரித்தல்

ஒரு மரத்தையும் எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒவ்வொரு கைமரத்துக்கும் பெயிண்டால் எண் போடுங்கள். கிழக்குச் சரிவு 1, 2, 3. மேற்குச் சரிவு 1, 2, 3. எதையும் நகர்த்தும் முன் உத்தரத்துக்கு அடியில் முட்டுக் கொடுங்கள்.

ஓட்டை முகட்டிலிருந்து கீழ்நோக்கி எடுக்க வேண்டும், இரண்டு சரிவிலும் சமமாக. ஒரு பக்கம் முழுவதையும் காலி செய்துவிட்டு மறுபக்கம் போனால் கனம் ஒரே புறமாக இழுத்து பழைய சுவரை வெளியே தள்ளும். 100 சதுர அடிச் சரிவில் ஏறத்தாழ 140 சீமை ஓடுகள் (மங்களூர் ஓடுகள்), ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ என்றால், அது 350 கிலோ கனம். நனைந்தால் இன்னும் கூடும்.

எடுத்த ஓடுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். தட்டினால் மணிபோல் ஒலிப்பவை இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். பாசியைத் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும், ஆசிட் வேண்டாம். உடைந்தவற்றுக்கு மாற்று வாங்கும்போது ஓட்டின் முதுகில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு தன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு மேற்குக் கடற்கரை நெடுகப் பல தொழிற்சாலைகள் வந்தன. ஒன்றின் பள்ளமும் மேடும் இன்னொன்றின் ஓட்டோடு கச்சிதமாகப் பொருந்தாது. ஒரு சரிவுக்கு ஒரே முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது போதாவிட்டால் நல்லவற்றையெல்லாம் ஒரே சரிவில் சேர்த்துவிட்டு மறு சரிவுக்கு வேறு வாங்குங்கள். இடிக்கும் வீடுகளின் சாமான் விற்கும் கடைகளில் பழைய ஓடு கிடைக்கும்.

கையுறை இல்லாமல் யாரையும் ஓட்டில் கைவைக்க விடாதீர்கள். தேளும் பூரானும் ஓட்டிடுக்கில் நிச்சயம் இருக்கும். பாம்பு தென்பட்டால் அடிக்காமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

பரணைக் காலி செய்யும்போது பழைய சுருக்குக் கம்பி, கண்ணி, துப்பாக்கி கிடைக்கலாம். உரிமம் இல்லாத துப்பாக்கியை நினைவுப்பொருள் என்று சுவரில் மாட்டி வைக்க ஆயுதச் சட்டம் இடம் தராது. வழக்கறிஞரோடு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். சுருக்குக் கம்பிகளை வெட்டி அழித்துவிடுங்கள். அவை மீண்டும் காட்டுக்குள் போகக்கூடாது.

படி 5: தண்ணீரை விரட்டுதல்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் பணம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பல ஆண்டுகளாகச் சாணமும் மண்ணும் சேர்ந்து வெளிமுற்றம் உயர்ந்திருக்கும். உள்தரையைவிட வெளித்தரை மேலேறியிருந்தால் சுவர் எப்போதும் ஈரத்தில்தான் நிற்கும். வெட்டி இறக்குங்கள். சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்குள் அரை அடி இறங்கும்படி சரிவு கொடுத்து, தண்ணீர் போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு வாய்க்கால் எடுங்கள். வெட்டும்போது கடைக்காலுக்குக் கீழே போய்விடக் கூடாது. இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டு, இரண்டரை அடி நீண்டிருக்க வேண்டும்.

அடுத்தது சிமெண்டுப் பூச்சு. இருபது, முப்பது வருடம் முன்னால் யாராவது மண்சுவருக்குச் சிமெண்டு பூசியிருந்தால், அடியில் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். உப்புப் பூத்துப் பூச்சு பெயர்வதும், அதன் பின்னால் மண் மாவாக உதிர்வதும் அதனால்தான். பூச்சை முழுக்க உரித்து எடுத்துவிட்டு ஒரு வெயில் காலம் சுவரை உலர விடுங்கள். எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

உலர்ந்த பின் பள்ளங்களை அதே மண்ணால் நிரப்புங்கள். வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்து, சில நாள் புளிக்க வைத்த மண்ணாக இருக்கட்டும். மேலே சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பைத் தாளித்து (தண்ணீர் விட்டு நீற்றி), தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரம் ஊற வைத்து, சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு சில நாள் ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். இறுக்கமும் பிடிப்பும் அதனால் கூடும். மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்ததைப் பூசுங்கள். வெயில் நேரே படும் சுவருக்கு ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையே போதும். பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் அடித்தால் உரித்த பாடெல்லாம் வீண்.

கரையானுக்கு ஈரம்தான் அழைப்பு. சுவரோரம் மண்குழாய் தெரிந்தால் உடைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மருந்து என்றால் இமிடாக்குளோபிரிட் 30.5 சதவீதக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி என்ற அளவில், சுவரோரம் ஓர் அடிக்கு ஒரு துளையிட்டு ஊற்றுவது நடைமுறை. கிணற்றுக்கு அருகில் உள்ள சுவருக்கு இதைச் செய்யவே கூடாது. தேனீப் பெட்டி வைத்திருக்கும் தோட்டத்திலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நிலைக்காலின் அடியைத் தரையிலிருந்து தூக்கிக் கருங்கல் துண்டின்மேல் நிறுத்துவது எந்த மருந்தையும்விட நீடித்த காப்பு.

படி 6: கூரை

கூரைச் சரிவு, கிடையாக 2 அடிக்கு 1 அடி ஏற்றத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சாரல் ஓட்டுக்கடியில் ஏறும்.

மாற்று மரத்துக்கு முதலில் உங்கள் தோட்டத்தையே பாருங்கள். வேம்பும் பூவரசும் நன்கு முற்றியிருந்தால் போதும். பனங்கை அருமையான கைமரம், ஆனால் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையாக இருக்க வேண்டும். 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம். ஆகவே காற்றில் விழுந்ததையோ பழைய வீட்டில் பிரித்ததையோ தேடுங்கள். நிற்கும் பனையை இதற்காக வெட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் கிராமங்களில் சொந்தத் தேக்கை வெட்டவும் அனுமதி தேவை.

கைமரங்களுக்கு இடையே ஒன்றரை முதல் இரண்டு அடி. ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியை அளவுநாடாவை நம்பி முடிவு செய்யாமல், கையில் இருக்கும் ஓட்டை இரண்டு வரிசை வைத்துப் பார்த்து அதன்படி அடியுங்கள். பொதுவாக ஓர் அடிக்குச் சற்றே கூட வரும். இரும்புக் குழாய்ச் சட்டம் மலிவு என்பார்கள். புதுப் பகுதிக்கு அது ஏற்கத்தக்கது. பழைய மண்சுவரின் மேல் மரமே நல்லது. வெயிலில் இரும்பு நீண்டு சுருங்குவது சுவர்த் தலையைத் தளர்த்தும்.

இறவாரத்து முதல் இரண்டு வரிசை, ஓரங்கள், முகட்டு ஓடு ஆகியவற்றைத் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். ஆடிக்காற்று முதலில் தூக்குவது அங்கேதான். மலையடிவாரத்தில் குரங்கும் ஓட்டை நகர்த்தும், அதற்கும் இதே கட்டு உதவும். அறைக்கு இரண்டு கண்ணாடி ஓடு வைத்தால் பகலில் விளக்கு வேண்டாம். அடியில் சீலிங் ஓடு ஒரு வரிசை விரிக்கப் பணம் இருந்தால் விரியுங்கள். சூடும் தூசியும் பாதியாகக் குறைவதை உணர்வீர்கள்.

படி 7: புதுப் பகுதியைச் சேர்த்தல்

குளியலறை, கழிப்பறை, சமையலறை என்று தண்ணீர் புழங்கும் எதுவும் பழைய வீட்டுக்குள் வேண்டாம். எல்லாவற்றையும் புதுப் பகுதிக்கே தள்ளுங்கள். படுக்கை, கூடம், திண்ணை பழையதிலேயே இருக்கட்டும்.

பழைய சுவரைப் பல் பல்லாக வெட்டிப் புதுச் செங்கல் சுவரை அதோடு கோப்பதுதான் கொத்தனார்கள் வழக்கமாகச் செய்வது. இங்கே அதை அனுமதிக்காதீர்கள். நூறு வருடம் அமர்ந்து இறுகிய கடைக்கால் இனி அசையாது. புதியது கட்டிய முதல் சில ஆண்டுகளில் இறங்கத்தான் செய்யும். கோத்துவிட்டால் அந்த இறக்கம் பழைய சுவரையும் சேர்த்துக் கிழிக்கும். புதுப் பகுதிக்குத் தனிக் கடைக்கால், தனிச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை நெகிழும் பொருளால் அடைத்து மேலே தகடு மூடுங்கள்.

இதைவிடவும் நல்ல வழி, புதுப் பகுதியை ஆறேழு அடி தள்ளிக் கட்டி, நடுவில் ஒரு தாழ்வாரத்தால் இணைப்பது. தாழ்வாரக் கூரை பழைய இறவாரத்துக்குக் கீழே நுழையட்டும். இரண்டு சரிவுகள் மோதும் பள்ளத்தில் தகரம் போட்டு ஓடை அமைத்தால், சருகு அடைத்து ஒழுகாத வருடமே இருக்காது. தள்ளிக் கட்டினால் அந்தத் தொல்லை அடியோடு போகும். புதுக் கடைக்காலுக்குத் தோண்டும்போது பழையதன் அடிமண் சரிவதும் தவிர்க்கப்படும். இடம் இருக்கும் தோட்டத்தில் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணமே எனக்குத் தோன்றவில்லை.

கடைக்கால் ஆழம் மண்ணைப் பொறுத்தது. செம்மண்ணுக்கடியில் சுக்காங்கல் என்னும் கெட்டிப் படிவம் மூன்று, நான்கு அடியில் வந்துவிட்டால் அங்கேயே நிற்கலாம். கரிசலும் களியும் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குபவை. அங்கே ஐந்தடிக்குக் கீழே போகவோ அடி அகன்ற பைல் (துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்) போடவோ வேண்டிவரும், அதைப் பொறியாளர் சொல்லட்டும். 1900 பிப்ரவரியில் கோயமுத்தூர்ப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம் நடந்த மண் இது. அடித்தள மட்டத்திலும் ஜன்னல் தலைமட்டத்திலும் வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடும் கான்கிரீட் பட்டி இல்லாமல் சுவர் எழுப்பாதீர்கள்.

செங்கல் வாங்கும்போது இரண்டை மோதினால் உலோக ஒலி வர வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக்கூடாது. கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறட்டும். இப்போது கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் போசொலானா) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற (தொடர்ந்து நனைத்து வைக்க) வேண்டும். தோட்டத்தில் ஆள் இல்லாத நாட்களில் இதுதான் முதலில் விட்டுப்போகும். பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவருக்கு அதற்கென்றே கூலி பேசி வையுங்கள்.

புதுப் பகுதிக்கும் ஓட்டுக்கூரையே போடச் சொல்வேன். ஒரு சிறு பகுதிக்கு மட்டும் கான்கிரீட் தளம் போட்டால் தண்ணீர்த் தொட்டியும் சூரியத் தகடும் வைக்க இடம் கிடைக்கும். குளியலறைக்கு மேல் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: தண்ணீர், கழிவு, மின்சாரம்

கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் இருக்கட்டும். 10 பேர் தங்கும் வீட்டுக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், ஆண்டுக்கொரு முறை கழிவு எடுப்பதானால் 1 மீட்டர் நீராழம் போதும். வெளியேறும் நீர் உறிஞ்சு குழிக்குப் போகட்டும். குளியல் தண்ணீரை அதில் சேர்க்காமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம், ஆனால் அடுத்த படியில் வாழை பற்றிச் சொல்வதைப் படித்துவிட்டு இடம் தேருங்கள்.

1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. இறவாரத்தின்கீழ்த் தகரக் காலுவாய் வைத்து, முதல் மழையைக் கழித்துவிட்டு, தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடுங்கள். சுவரடியில் தண்ணீர் விழாமல் இருப்பது கூடுதல் லாபம்.

விவசாய மோட்டாருக்கான இலவச மின்சாரத்திலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். கட்டுமான வேலைக்கும் தற்காலிக இணைப்பு என்று தனியாக உண்டு. பழைய சுவரை வெட்டி ஒயரைப் புதைக்க வேண்டாம், குழாயைச் சுவர்மேலேயே ஓட்டுங்கள். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் துண்டிக்கும் காப்புச் சாதனமும் நல்ல எர்த்தும் கட்டாயம்.

படி 9: காட்டோடு வாழ்தல்

சத்தியமங்கலம் வனம் 2013-இல் புலிகள் காப்பகமானது. அதன் ஓரத்திலும் ஆனைமலை ஓரத்திலும் உள்ள தோட்டங்கள் யானை நடமாடும் இடங்கள். அரிசி, ராகி, உப்பு, புளி வாசனைக்கு யானை சுவரை இடிக்கும் என்பது அடிவாரத்தில் எல்லோரும் அறிந்தது. ஆள் இல்லாத நாட்களில் வீட்டில் தானியம் வைக்காதீர்கள். தானிய அறையை வெளிச்சுவரை ஒட்டி அமைக்காதீர்கள். பலா, வாழை, கரும்பு வீட்டுக்கு அடுத்து வேண்டாம். படுக்கை அறைக்கு இரண்டு பக்கமும் கதவு இருக்கட்டும்.

சூரிய மின்வேலி போடுவதானால் தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடுவது யானையையும் கொல்லும், மாடு பிடிக்கப் போன உங்கள் ஆளையும் கொல்லும். அது கொலைக்குச் சமம் என்று தயங்காமல் சொல்வேன். யானை வழக்கமாகக் கடக்கும் தடத்தில் புதுப் பகுதியை எழுப்பவே கூடாது. தடம் எது என்பது ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும், திட்டம் போடும் முன்பே அவர்களைக் கேளுங்கள்.

படி 10: ஆண்டு வேலைகள்

சித்திரையில் ஓட்டின்மேல் சருகு நீக்கி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, உடைந்ததை மாற்றுங்கள். அதற்கென்று 50 ஓடாவது கைவசம் அடுக்கி வைத்திருக்க வேண்டும். ஆடிக்கு முன் கட்டுக்கம்பிகளைப் பாருங்கள். புரட்டாசியில் காலுவாயும் வாய்க்காலும். தைக்கு முன் சுண்ணாம்பு வெள்ளை, மரத்துக்கு எண்ணெய், சுவரோரம் கரையான் குழாய் இருக்கிறதா என்ற சோதனை.

பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு வேகமாகக் கெடும். வாரம் ஒரு முறையாவது கதவு ஜன்னல் திறக்க ஓர் ஆள் வேண்டும். இந்தச் செலவை யார் எவ்வளவு போடுவது, ஒரே விடுமுறைக்கு இரண்டு குடும்பம் வர நினைத்தால் யாருக்கு முறை என்பதைப் பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் ஊராட்சியில் புதிய அளவைக் கொடுத்து வீட்டு வரியைத் திருத்தி, அந்த ரசீதையும் பழைய ரசீதுகளோடு ஒரே கோப்பில் சேருங்கள்.